காதில் வைத்துப் பாராத ஹெட்போனைக் கடையில் தொங்கவிடலாமா?

கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், முதுநகர் பகுதிகளிலும், சிதம்பரத்தில் நான்கு தேர் வீதிகளிலும் அண்ணாமலை நகரிலும் உள்ள நமது உறுப்பினர் கடைகளைச் சுற்றி வந்தால் ஒரு மாற்றம் கண்ணில் படும். ஷாம்பு பாக்கெட் சரம் தொங்கிய கம்பியில் இன்று சார்ஜர் ஒயரும், இயர்போனும், தலையில் மாட்டும் ஹெட்போனும் சேர்ந்து தொங்குகின்றன. அரிசி, பருப்பு, எண்ணெய் விற்பவர் ஹெட்போன் விற்கக் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. வாடிக்கையாளர் கேட்கும் பொருளை வைப்பதுதான் வியாபாரம். ஆனால் துவரம் பருப்பைக் கையில் அள்ளி, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துக் கொள்முதல் செய்யும் நம்மவர்கள், ஹெட்போனை மட்டும் அட்டைப்பெட்டியின் படத்தைப் பார்த்தே டஜன் கணக்கில் எடுக்கிறார்கள். இது சரியா என்பதே நமது கேள்வி.

முதலில் பொருளைத் தெரிந்து கொள்வோம். ஹெட்போனில் மூன்று வகை உண்டு. காதுத் துளைக்குள் செருகுவது ஒன்று. காது முழுவதையும் மூடும் பெரிய கிண்ணம் ஒன்று. மூன்றாவது, காது மடலின் மேல் மெத்தையாக அமரும் நடுத்தர வகை. இலேசானது, மடித்துப் பையில் போடலாம், பேருந்திலும் ரயிலிலும் மாட்டிக் கொள்ளலாம். நம் கடைகளில் அதிகம் தொங்குவது இந்த மூன்றாவது வகையே. இது புதிய சரக்கும் அல்ல. 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் நுரை மெத்தை வைத்த ஹெச்.டி. 414 என்ற இலேசான ஹெட்போனைக் கொண்டு வந்தது. 1979 ஜூலையில் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டபோது, அதனுடன் வந்த சிறிய ஹெட்போன்தான் நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. அமெரிக்காவின் காஸ் நிறுவனம் 1984-ல் கொண்டு வந்த போர்ட்டா புரோ ஏறக்குறைய அதே வடிவத்தில் இன்றும் தயாராகிறது. நன்றாகச் செய்த ஹெட்போன் நாற்பது ஆண்டுகள் சந்தையில் நிற்கும் என்பதற்கு இதுவே சாட்சி. அப்படியிருக்க, நம் கடையில் வாங்கியது நாற்பது நாளில் ஒரு பக்கம் ஊமையாகிறது என்றால், குறை ஹெட்போன் என்ற பொருளில் இல்லை. நாம் தேர்ந்தெடுத்த சரக்கில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற பலகையை மாட்டிவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அதற்கு இடம் தரவில்லை. குறையுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், பில்லில் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக முறை என்று அச்சட்டம் கூறுகிறது. பில் தராமல் விற்பதும் அதே பட்டியலில் வருகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு பொருளால் வாடிக்கையாளருக்குத் தீங்கு நேர்ந்து, அதைத் தயாரித்தவர் யார் என்றே தெரியாத நிலை இருந்தால், விற்றவரே பொறுப்பாக்கப்படலாம். பேட்டரி உள்ள சரக்கில் இது சாதாரண விஷயமல்ல. பெயரும் முகவரியும் அச்சிடாத பெட்டியை மலிவு என்று வாங்கி வைப்பவர், அதைத் தயாரித்தவரின் பொறுப்பையும் சேர்த்து வாங்கிக் கொள்கிறார்.

ஆகவே கொள்முதலின்போது முதலில் பார்க்க வேண்டியது பெட்டியின் எழுத்துகளை. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதம், ஆண்டு, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, புகாருக்கான தொலைபேசி எண். இவை இல்லாத பெட்டி நம் கடைக்கு வேண்டாம். வயர்லெஸ் ஹெட்போனாக இருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு முத்திரையும், 'ஆர்' என்ற எழுத்துடன் தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் உண்மையா என்பதை அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரிய பிராண்டுகளின் பெயரைப் போலியாக அச்சிட்ட சரக்கைத் தொடவே கூடாது. போலி வணிகக் குறியிட்ட பொருளை விற்பவருக்கு, 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சில நூறு ரூபாய் லாபத்துக்கு இது ஏற்ற வியாபாரமா?

கையால் பார்க்கும் சோதனை

இனி பொருளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்போம். தலைப்பட்டையின் இரு முனைகளையும் பிடித்து, தலையில் மாட்டும் அளவுக்கு மேல் சற்று விரித்து விடுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் அகன்றே நின்றால் ஒரு மாதத்தில் காதிலிருந்து நழுவும். அளவு கூட்டிக் குறைக்கும் பகுதியை இழுத்துப் பாருங்கள். உள்ளே உலோகத் தகடு ஓடினால் நல்லது, வெறும் பிளாஸ்டிக் என்றால் அங்கேதான் முறியும். மடிப்புக் கீலை இருபது முறை மடித்து விரித்தால் ஆட்டம் தெரிந்துவிடும். கனமாக இருந்தால் தரம் என்று நினைக்க வேண்டாம். காது மடலின் மேல் அமரும் பொருளுக்குக் கனம் ஒரு குறையே. பத்து நிமிடம் மாட்டியிருந்து காது வலிக்கிறதா என்று பார்ப்பதே சரியான எடைக்கல்.

ஒயர் உள்ள வகையில் பெரும்பாலான பழுது இரண்டே இடங்களில் வரும்: பின்னின் கழுத்திலும், ஒயர் கிண்ணத்துக்குள் நுழையும் இடத்திலும். அந்த இரண்டு இடத்திலும் வளையும் ரப்பர் உறை இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டு ஓடும்போது அவ்விடங்களை மெல்ல வளைத்துப் பாருங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் அந்தச் சரக்கு அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும்.

நம் ஊருக்கென்று இரண்டு கவனங்கள் உண்டு. ஒன்று, கடற்காற்று. முதுநகரிலும் கடற்கரையை ஒட்டிய மற்ற இடங்களிலும் முலாம் சரியில்லாத இரும்புத் தகடும் பின்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். இரண்டு, வியர்வை. செயற்கைத் தோல் மெத்தை நம் வெப்பத்திலும் ஈரத்திலும் விரைவில் உரிந்து, கறுப்புச் செதிலாகக் காதில் ஒட்டும். துணி அல்லது நுரை மெத்தை பார்வைக்கு எளிமையாக இருந்தாலும் இங்கே அதுவே உழைக்கும். மெத்தையைக் கழற்றி மாற்ற முடியுமா, மாற்று மெத்தை கிடைக்குமா என்று மொத்த வியாபாரியிடம் கேட்பதும் நமது உரிமை.

காதால் பார்க்கும் சோதனை

ஒலியைச் சோதிக்கப் பெரிய இசை ஞானம் தேவையில்லை. பெட்டியில் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருப்பார்கள். மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லையே ஏறக்குறைய அதுதான். எவ்வளவு ஏற்ற இறக்கத்துடன் அந்த எல்லையைத் தொடுகிறது என்று சொல்லாதவரை, அந்த எண் பெட்டிக்கு ஓர் அலங்காரமே. 'எக்ஸ்ட்ரா பாஸ்' என்பதும் அப்படியே.

நம் கைப்பேசியில் மூன்று பதிவுகளை வைத்துக் கொண்டால் போதும். முதலாவது, ஒருவர் செய்தி வாசிக்கும் பதிவு. குரல் தலையின் நடுவில் கேட்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரு கிண்ணங்களும் சமமாக இல்லை. குரல் நடுவில் நிற்காமல் மங்கிச் சிதறினால் ஒரு பக்கத்து இணைப்பு தலைகீழாகப் பற்றவைக்கப்பட்டிருக்கலாம். 'ச', 'ஸ' எழுத்துகள் ஊசி போல் குத்தினால் அதை மாட்டுபவர் அரை மணி நேரம் தாங்க மாட்டார். இரண்டாவது, நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த பதிவு. சிதம்பரத்துக்காரர்களுக்கு இதைவிடப் பழகிய ஒலி வேறென்ன இருக்கிறது? தவிலின் வலந்தலை விரலடி தெளிவாகவும், குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கம் உருண்டு முழங்கியும், இரண்டும் தனித்தனியே கேட்க வேண்டும். தொப்பியின் முழக்கத்தில் நாதஸ்வரம் அமுங்கினால், அங்கே இருப்பது பாஸ் அல்ல, இரைச்சல். மூன்றாவது, தாழ்ந்த ஒலி நிறைந்த ஏதாவது ஒரு சினிமாப் பாட்டு. சத்தத்தை முக்கால் பங்கு வைத்து, கிண்ணத்துக்குள் கரகரப்போ அதிர்வோ வருகிறதா என்று கேளுங்கள். மெத்தையை விரலால் சற்று அழுத்தும்போது மட்டும் தாழ்ந்த ஒலி திடீரென்று கூடினால், மெத்தை காதில் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள்.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒரே பானையில் வெந்த சோறு ஒரே பக்குவம். ஆனால் மலிவான ஹெட்போன் ஒரே அட்டைப்பெட்டியில் வந்தாலும் ஒன்றுக்கொன்று மாறுபடும். ஒரு டஜனுக்கு மூன்றையாவது திறந்து பார்க்க வேண்டும்.

வயர்லெஸ் சரக்கில் இன்னும் ஒரு கவனம். லித்தியம் பேட்டரி உள்ள பொருள் சோப்புக்கட்டி அல்ல, ஒரு வருடம் பரணில் கிடந்து அப்படியே இருக்க. முழுவதும் வற்றிய நிலையில் நெடுநாள் கிடந்தால் பேட்டரி கெட்டுவிடும். தேங்கிய சரக்கைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பாதியளவு சார்ஜ் ஏற்றி, தகரக் கூரையின் சூடு படாத இடத்தில் வைக்க வேண்டும். விற்க முடிந்த அளவுக்கே வாங்குவது அதைவிட நல்லது.

'இதற்கெல்லாம் நேரம் ஏது?'

கூட்ட நேரத்தில் ஒருவருக்கு உளுந்து நிறுத்துக் கொண்டே இன்னொருவருக்கு ஹெட்போனை விளக்க முடியுமா என்று உறுப்பினர்கள் கேட்பது நியாயமே. ஆனால் இந்தச் சோதனை விற்கும்போது செய்வதல்ல. கொள்முதலின்போது ஒருமுறை செய்வது. சென்னை ரிச்சி தெருவுக்குச் செல்பவர்கள் அங்கேயே செய்யலாம். வேனில் கொண்டு வருபவரிடம் வாங்குபவர்கள் மூன்றைப் பிரித்துக் கேட்ட பிறகே மீதியை இறக்கலாம். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

இன்னொரு வாதம்: 'ஆன்லைனில் இதைவிட மலிவு, புதுச்சேரியிலும் மலிவு, தரம் பார்த்து விலை கூட்டினால் யார் வாங்குவார்?' 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு ஹெட்போனுக்குப் புதுச்சேரியிலும் கடலூரிலும் ஒரே வரி விகிதம்தான். விலையில் ஆன்லைனை நம்மால் வெல்ல முடியாமல் போகலாம். ஆனால் மாட்டிக் கேட்டுப் பார்த்து வாங்கும் வசதியை ஆன்லைனால் தர முடியாது. நம் கடையால் முடியும். ஒரே ஒரு சாம்பிளை வெளியே வைத்து, ஒவ்வொருவர் மாட்டிய பின்பும் மெத்தையைத் துடைத்து வைத்தால் போதும். 'உங்கள் போனில் ஒயர் செருகும் வட்டத் துளை இருக்கிறதா?' என்று ஒரு கேள்வியும் கேட்டு விடுங்கள். 2016-ல் ஆப்பிள் தன் ஐபோன் 7-ல் அந்தத் துளையை நீக்கிய பிறகு பல போன்களில் அது இல்லை. பொருந்தாத பொருள் வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவதை இந்த ஒரு கேள்வி தடுக்கும்.

வாங்குபவரின் காதும் நம் பொறுப்பில் ஒரு பங்கு. காது மடலில் அமரும் வகை வெளிச் சத்தத்தை முழுவதும் தடுக்காது. பேருந்து இரைச்சலை அமுக்க இளைஞர்கள் ஒலியைக் கூட்டிக் கொண்டே போவார்கள். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. குழந்தைகளுக்கு 75 டெசிபல். பள்ளிப் பிள்ளைக்கு வாங்க வரும் பெற்றோரிடம் 'சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள், அம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் வியாபாரம் குறைந்துவிடாது. அந்தக் கடைக்காரர் மேல் மதிப்புதான் கூடும்.

மளிகைக் கடைக்காரருக்கு முதல் என்பது கல்லாப் பெட்டியில் இருப்பது மட்டும் அல்ல. தினமும் நம் படியேறும் குடும்பத்தின் நம்பிக்கைதான் பெரிய முதல். இருநூறு ரூபாய் ஹெட்போனில் ஏமாந்தவர், மாதச் சாமான் பட்டியலையும் வேறு கடைக்கு எடுத்துச் செல்வார். ஹெட்போன் மட்டும் விற்கும் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் போனால் ஒரு விற்பனைதான் போகும். நமக்கு ஒரு குடும்பமே போய்விடும். எனவே உறுப்பினர்கள் அனைவரும் பெயரில்லாப் பெட்டியை மறுப்பது, டஜனுக்கு மூன்றைத் திறந்து கேட்பது, பில்லில் திரும்பப் பெறும் காலத்தை எழுதித் தருவது என்ற மூன்றையும் இந்த மாதக் கொள்முதலிலிருந்தே கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம். பருப்பைக் கடித்துப் பார்க்கும் நம் பழக்கம் நல்ல பழக்கம். அதை ஹெட்போனுக்கும் நீட்டிக்க வேண்டும், அவ்வளவுதான்.