செஞ்சி யார் வீட்டுச் சொத்து?

வேல்ஸில் கான்வி, கார்னர்வன் கோட்டைகளை 1986-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது முதலாம் எட்வர்டின் பெயரைப் போட்டார்கள். நாட்டைப் பிடித்தவன்தான், ஆனால் கோட்டையைக் கட்டியவனும் அவனே. போகட்டும்.

செஞ்சி? 2025-ல் அதே பட்டியலில் 12 கோட்டைகளில் ஒன்றாக ஏறியது. மற்ற 11-ம் மகாராஷ்டிராவில். தலைப்பு, 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்'!

பீஜப்பூர்காரர்களிடமிருந்து சிவாஜி இதைப் பிடித்தது 1677-ல். முகலாயரிடம் போனது 1698-ல். மொத்தமே 21 வருஷம். சிவாஜி மதில்களைப் பலப்படுத்தினார், ராஜாராம் வருஷக்கணக்கில் முற்றுகையைத் தாங்கினார், யாரும் மறுக்கவில்லை. ஆனால் அடிபோட்டதாகச் சொல்லப்படும் கோனார்கள் எங்கே? நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டு, நெற்களஞ்சியமும் கல்யாண மகாலும் எழுப்பிய நாயக்கர்கள் எங்கே?

நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. செஞ்சி என்றால் உடனே ராஜா தேசிங்கு. பத்தே மாசம் ஆண்டு 1714-ல் போரில் செத்த ராஜபுத்திர இளைஞன், கூத்திலும் சினிமாவிலும் பிழைத்துக்கொண்டான். நாயக்கர்களுக்கு எம்.ஜி.ஆர். கிடைக்கவில்லை, பாவம்!

ஈக்காட்டுத்தாங்கலில் பைக்கை எடுத்தால் மூன்று, நாலு மணி நேரத்தில் செஞ்சி. ராஜகிரி ஏறுபவர்களிடம் நாயக்கர் கதையை முதலில் சொல்ல யுனெஸ்கோவிடம் அனுமதியா வாங்க வேண்டும்?