17 வருஷம் காத்திருந்த விடை



நம் இதழில் ஒரு புதிர் போட்டால், அடுத்த இதழ் வருவதற்குள் 'விடை என்ன சார்?' என்று போன் வந்துவிடுகிறது. அமெரிக்காவின் 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழ் 1977 ஆகஸ்டில் போட்ட ஒரு புதிருக்கு, விடை வர 17 வருஷம் ஆனது!

அங்கே கணக்கு விளையாட்டுப் பகுதியை எழுதிவந்தவர் மார்ட்டின் கார்ட்னர். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மேன் மூவரும் தந்த 129 இலக்க எண்ணை அவர் அச்சிட்டார். இரண்டு பகா எண்களைப் பெருக்கி வந்தது அது. எந்த இரண்டு? கண்டுபிடித்தால் கூடவே கொடுத்திருந்த ரகசியச் செய்தியைப் படித்துவிடலாம். பரிசு 100 டாலர்.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? வீட்டுப் பிள்ளையிடம் 89-ஐ 97-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். சட்டென்று 8633 வந்துவிடும். இன்னொரு பிள்ளையிடம் வெறும் 8633-ஐக் கொடுத்து, 'எந்த இரண்டைப் பெருக்கினால் இது வரும்?' என்று கேளுங்கள். 3, 7, 11, 13 என்று வகுத்துப் பார்த்தே நோட்டு நிறைந்துவிடும். மாவில் உப்பைக் கலந்துவிட்டோம், இனி பிரித்தெடுங்கள் என்றால் எப்படி? நாலு இலக்கத்துக்கே இந்தப் பாடு!

1994-ல்தான் அந்த எண் உடைந்தது. சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டர்கள் சும்மா இருக்கும் நேரத்தை இதற்குக் கொடுத்தார்கள். எட்டு மாத வேலை. கிடைத்த எண்களில் ஒன்றுக்கு 64 இலக்கம், மற்றதற்கு 65. உள்ளே இருந்த ரகசியம்? எலும்பு தின்னும் கழுகைப் பற்றிய, அர்த்தமே இல்லாத ஒரு வாசகம். குறும்புக்காரர்கள்!

நமக்கு இது எதற்கு? கரன்ட் பில் கட்டவோ, பிள்ளைக்கு காலேஜ் பீஸ் அனுப்பவோ வங்கித் தளத்தைத் திறக்கிறோம். அது நிஜமாகவே நம் வங்கிதானா என்று போன் முதலில் சரிபார்க்கிறது. பல தளங்களில் அந்தச் சோதனை 617 இலக்க எண் ஒன்றை நம்பி நடக்கிறது. அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒளிப்பதே இல்லை. எந்த இரண்டைப் பெருக்கி வந்தது என்பது மட்டும்தான் ரகசியம். இந்த வகையில் இதுவரை உடைத்துக் காட்டப்பட்டதில் பெரியது 250 இலக்கம், 2020-ல். (குவான்டம் கம்ப்யூட்டர்கள் போதிய அளவு வளர்ந்தால் கதை மாறும். அதற்கான புதுப் பூட்டுகளும் தயாராகி வருகின்றன.)

போனில் பணம் அனுப்பவே பயப்படும் பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கணக்கு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. திருடன் 617 இலக்கத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. 'பேங்கிலிருந்து பேசறேம்மா' என்று ஆறு இலக்க ஓ.டி.பி.யைக் கேட்கிறான், நாமும் சொல்லிவிடுகிறோம். அப்படி யாராவது சொல்லிவிட்டால் அவர்களைத் திட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் போடுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிப் போய்விடும்.

அன்புடன்,
ஆசிரியர்