ஒழுங்கு இரத்தத்தில் ஊறுவதா?



"ஜெர்மானியருக்கு ஒழுங்கு இரத்தத்திலேயே ஊறியது, பிரெஞ்சுக்காரர் எதற்கும் அடங்காதவர்" என்று நம்மில் பலர் பேசுகிறோம். ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் அவர்கள் வாகனமோட்டும் முறையை அதற்குச் சான்றாகவும் காட்டுகிறோம். இஃது ஆதாரமற்ற கூற்று என்பதே என் வாதம்.

நெதர்லாந்தில் 2020 மார்ச் முதல் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் பகல்நேர உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் நுழைந்தால் பல பகுதிகளில் கட்டாய வரம்பே இல்லை. 130 என்பது 1978 முதல் வெறும் பரிந்துரைதான். தம் நாட்டில் விரைந்து பறக்கும் ஜெர்மானியர் சுவிட்சர்லாந்துக்குள் வந்ததும் 120க்குள் அடங்க வேண்டும்; அங்கே அபராதம் மிகக் கடுமை. எல்லைக்கோட்டில் மாறியது இரத்தமா, சட்டமா?

இன்னொரு சான்று. சாலை நெரிசலில் வாகனங்கள் இருபுறமும் ஒதுங்கி, நடுவே மருத்துவ ஊர்திக்கு வழிவிடும் முறையை வியந்து பாராட்டுகிறோம். ஜெர்மனியில் முன்பே இருந்த இவ்விதியை ஆஸ்திரியா 2012இல்தான் சட்டமாக்கியது. சுவிட்சர்லாந்து 2021இல் ஆக்கியது. ஜெர்மன் மொழி பேசும் அண்டை நாடுகளிலேயே இத்தனை ஆண்டு இடைவெளி! அந்த ஜெர்மனியிலும் பலர் வழிவிட மறுத்ததால், 2017இல் அதற்கான அபராதம் 20 யூரோவிலிருந்து 200 யூரோவாக உயர்த்தப்பட்டது. இரத்தத்தில் ஊறிய ஒழுங்குக்கு அபராதம் எதற்கு?

'அடங்காத' பிரான்சைப் பாருங்கள். 2001இல் அங்குச் சாலை விபத்துகளில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2003 முதல் தானியங்கி வேகக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. வேறு பல கட்டுப்பாடுகளும் இறுகின. 2010இல் அவ்வெண்ணிக்கை நாலாயிரத்துக்கும் கீழே இறங்கியது. மக்கள் அதே பிரெஞ்சு மக்கள்தாம்.

ஆகவே, ஒழுங்கு என்பது பிறவிக் குணமன்று. தெளிவான விதி, விலக்கில்லாத அமலாக்கம், இடைவிடாத பயிற்சி ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கும் பழக்கம் அது.

"நம்மவர்களுக்கு ஒழுங்கு வராது" என்று மாணவர் முன்னிலையில் சொல்லும் ஆசிரியர், கற்பிக்கும் கடமையிலிருந்து நழுவுகிறார். பிறப்பின்மீது பழியைப் போட்டுவிட்டால் நாம் செய்வதற்கு எதுவுமே இல்லை அல்லவா? பெற்றோருக்கும் ஒரு சொல்: அவசரத் தடத்தில் முந்திச் செல்லும் மகிழுந்தின் பின்னிருக்கையில் உங்கள் பிள்ளை அமர்ந்திருக்கிறது. அஃது அன்றாடம் கற்கும் பாடம் அதுவே.