ஒழுகுகிற படகுக்கு உள்ளே பூசாதே



நேற்று இரவு நம் பழைய மாணவர் குழுவில் நடந்ததைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. காலையில் காபி குடித்த கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பொறுத்துக்கொண்டவர்கள்தானே.

மெல்போர்னில் இருக்கும் நம் மாணவன் ஒருவன், இரண்டு வருடமாகத் தன் வீட்டுக் கார் ஷெட்டில் ஒட்டுப்பலகையால் 14 அடிப் பாய்மரப் படகு ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். போன வாரம் ஏரியில் இறக்கினான். ஒரு மணி நேரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். படம் போட்டு, "என்ன செய்யலாம்?" என்று கேட்டான். வந்து விழுந்த யோசனைகளைப் படித்தேன். இரண்டு உருண்டையைப் பிசைந்து உள்ளே ஒட்டு என்கிறான் ஒருவன். பாத்ரூமுக்கு அடிக்கிற சிலிக்கானை அடி என்கிறான் இன்னொருவன். மொட்டை மாடிக்குப் பூசுகிற ரசாயனத்தின் பெயரைச் சொல்கிறாள் ஒருத்தி. எல்லாம் உள்பக்கம்! ஒருவர்கூட "தண்ணீர் எந்த வழியாக வருகிறது?" என்று கேட்கவில்லை.

இதைச் சொன்னவர்கள் யார்? துவாக்குடியில் பிறந்து வளர்ந்தவர்கள். பாதிப் பேர் பாய்லர் தொழிற்சாலையிலும் அதைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள். பாய்லர் குழாயில் வெல்டிங் கசிந்தால் மேலே பசை தடவி அனுப்புவீர்களா? தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, எங்கே வியர்க்கிறது என்று பார்த்து, அந்த இடத்தைக் குடைந்து எடுத்து, மறுபடி பற்றவைத்து, மறுபடி சோதிக்கிறவர்கள் நீங்கள். இரும்புக்கு ஒரு நியாயம், மரத்துக்கு ஒரு நியாயமா?

ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை ஞாபகப்படுத்துகிறேன். படகைத் தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறது. வெளியே ஒட்டிய ஒட்டைத் தண்ணீரே பலகையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். உள்ளே ஒட்டியதை அதே தண்ணீர் பின்னாலிருந்து நெம்பும். கூடவே இன்னொரு கெடுதல்: உள்ளே அடைத்துவிட்டால் வெளி வாய் திறந்தே இருக்கிறது. தண்ணீர் பலகைக்குள் புகுந்து, வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கி, பலகையின் அடுக்குகளைப் பிரித்துவிடும். ஒழுகல் நின்றதாக நீ நினைப்பாய். படகு உள்ளுக்குள் அழுகிக்கொண்டிருக்கும்.

"கொஞ்சம் கசிவுதானே சார்" என்று ஒருவன் எழுதியிருந்தான். கணக்குப் போடு. அரை அடி ஆழத்தில் 4 மில்லிமீட்டர் ஓட்டை, அதாவது அடைக்க மறந்த ஒரு திருகாணித் துளை. டாரிசெல்லி சூத்திரப்படி தண்ணீர் வினாடிக்கு 1.7 மீட்டர் வேகத்தில் பாயும். ஓட்டை விளிம்பில் குறைவதைக் கழித்தாலும் மணிக்கு 45 லிட்டருக்கு மேல் வரும். 45 கிலோ! பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் படகில் ஏறி உட்கார்ந்த மாதிரி. அந்தப் பையனாவது ஓர் இடத்தில் உட்காருவான். தண்ணீர் உட்காராது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிப்போய்ச் சேர்ந்து இன்னும் சாய்க்கும். பாய் கட்டிய படகு காற்றில் சாயத்தான் செய்யும். அடுத்த முறை தன் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போகப்போவதாக அவன் எழுதியிருக்கிறான். அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

தூத்துக்குடியிலிருந்து என் சகலை, "மரப்படகு முதல்நாள் ஒழுகத்தான் செய்யும், இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தால் பலகை ஊறி அடைத்துக்கொள்ளும்" என்று எழுதியிருந்தார். சகலை அவர்களே, நீங்கள் தோணி பார்த்து வளர்ந்தவர். நீங்கள் சொல்வது தோணிக்குச் சரி. பலகைக்குப் பலகை இடுக்கு விட்டு, அதில் பருத்தித் திரியை உளி வைத்து வெளியிலிருந்து அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுவார்களே, அந்தக் கலப்பத்து வேலை செய்த கலம் ஊறினால் இறுகும். கரையில் காய்ந்து வாய் பிளந்த இடுக்கில் சிமென்ட் மாதிரி கெட்டியான எதையாவது திணித்தால்தான் ஆபத்து. ஊறும்போது பலகைக்கு இடமில்லாமல் ஆணியைப் பிடுங்கும், விலாக்கட்டையை உடைக்கும். ஆனால் ஒட்டுப்பலகை அப்படி ஊறி அடைத்துக்கொள்ளாது. குறுக்கு நெடுக்காக அடுக்கி ஒட்டியது அது. அதில் இன்று இருக்கிற ஓட்டை நாளையும் இருக்கும், கூடவே அழுகலும் சேரும். ஒரு கலத்துக்குச் சொன்ன மருந்தை இன்னொரு கலத்துக்குக் கொடுக்கலாமா?

மரப்படகையே கேலி செய்து, "பைபர் வாங்கிவிட்டுப் போ" என்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வல்வெட்டித்துறையில் நம் ஈழத்து ஆட்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிப்போய் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அது பழங்கதை என்பீர்கள். 2025 மே மாதம் கார்வாரில் நம் கடற்படை சேர்த்துக்கொண்ட கௌண்டின்யா? பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்து, இடுக்கில் நாரும் பிசினும் வைத்துக் கட்டியது. ஆணியே கிடையாது. அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்குப் பாய் விரித்துப் புறப்பட்டுப் போயும் சேர்ந்தது. மரம் ஒழுகுவதில்லை, ஐயா. இணைப்புதான் ஒழுகுகிறது. பைபரிலும் இணைப்பு உண்டு.

முசிறிக்கும் குளித்தலைக்கும் நடுவே பாலம் வருவதற்கு முன், சிறுவனாக நான் காவிரியைப் பரிசலில் கடந்திருக்கிறேன். வழக்கமாக எங்களை ஏற்றிப்போகும் பரிசல்காரர் காலையில் பரிசலைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, உள்ளிருந்து சூரியனைப் பார்ப்பார். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, கவிழ்த்து, வெளிப்பக்கம் தார் தொட்டு வைப்பார். இவ்வளவுதான் அவருடைய பொறியியல். ஒருநாள் அவர் வரவில்லை, வேறொருவர் வந்தார். உள்ளே களிமண் அப்பியிருந்தார். நடு ஆற்றில் களிமண் கரைந்தது. என் தூக்குச்சட்டியில் இருந்த தயிர்சாதத்தை ஆற்றில் கொட்டிவிட்டு அதே சட்டியால் தண்ணீர் இறைத்தேன். அன்றைக்கு அம்மாவிடம் வாங்கியது தனிக் கதை.

தம்பி, இப்போது உனக்கு. மற்றவர்கள் எழுதியதை மறந்துவிடு.

படகைக் கரையேற்றி முக்காலிகளின் மேல் வை. வெளிப்பக்கம் முழுக்கக் காயட்டும். அப்புறம் உள்ளே மூன்று நான்கு அங்குலத்துக்குத் தண்ணீர் ஊற்று. விளிம்புவரை நிரப்பிவிடாதே. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன், படகு பிளந்துவிடும். அடியில் படுத்துப் பார். வியர்க்கிற இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடு. உள்ளே தண்ணீர் தெரிகிற இடத்துக்கும் அது நுழைகிற இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அடுக்குகளுக்குள் முழ நீளம் ஊர்ந்து வந்திருக்கும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது நடுப்பலகைப் பெட்டி. காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாமலிருக்க இறக்குகிற பலகை போய்வரும் அந்தப் பெட்டி, படகின் அடியோடு சேரும் மூலைதான். நீ போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், தண்ணீர் அங்கேதான் கூடியிருக்கிறது. அடுத்து, அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலைகள். பிறகு திருகாணித் தலைகள், சுக்கான் மாட்டுகிற போல்ட்டுகள்.

கண்டுபிடித்த பிறகு அவசரப்படாதே. பெயின்டைச் சுரண்டி, இணைப்பை வெளிப்பக்கமிருந்து சாய்வாகக் குடைந்து, நாள்கணக்கில் காய விடு. ஈர மரத்தில் எபாக்ஸி பிடிக்காது. காய்ந்ததும் வெறும் எபாக்ஸியைத் தடவி மரம் குடிக்க விடு. அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே நைஸ் மரத்தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பு. மேலே கண்ணாடிநார் நாடா ஒட்டு. ஒட்டுப்பலகையின் வெட்டுமுனை எங்கெல்லாம் வெளியே தெரிகிறதோ அங்கெல்லாம் எபாக்ஸி குடிக்கட்டும், அதுதான் தண்ணீர் உறிஞ்சுகிற வாய். சிலிக்கானைப் படகுக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதே. அது பட்ட மரத்தில் பிறகு எதுவும் ஒட்டாது, பெயின்ட்கூட.

இன்னொன்று. படகு கரையில் நிற்கும்போது மழைத்தண்ணீர் உள்ளே தேங்கக் கூடாது. உப்புத்தண்ணீரைவிட நல்ல தண்ணீர்தான் மரத்தைச் சீக்கிரம் அழுகவைக்கும். பூஞ்சைக்கு உப்பு ஆகாது. தார்ப்பாய் போடு, காற்று போக இடம் விட்டுப் போடு.

எல்லாம் முடிந்ததும் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார். அப்புறம் கரையோரமாகவே ஒரு முழு நாள் மிதக்க விடு. மகள் கரையில் இருக்கட்டும், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நீ மட்டும் ஏறு.

சாக்பீஸ் வட்டம் போட்ட படத்தை எனக்குத் தனியாக அனுப்பு. குழுவில் போடாதே, மறுபடி எவனாவது களிமண்ணைத் தூக்கிக்கொண்டு வருவான்.