திறந்த களஞ்சியமும் திறவாத வாயும்

தோழனே!

திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விராலிமலையைத் தாண்டியதும் கொடும்பாளூர் என்றோர் ஊர் வரும். பேருந்தில் கண்ணயர்ந்தவன் காணாமலே கடந்துவிடுவான். வரலாற்றில் கண் வைத்தவனோ இறங்காமல் போகமாட்டான். இருக்குவேளிர் இருந்து ஆண்ட ஊர் அது. பூதி விக்கிரமகேசரி எழுப்பிய மூவர் கோயிலின் மூன்று விமானங்களில் இரண்டு இன்றும் தலை நிமிர்ந்து நிற்க, மூன்றாவது அடித்தளம் மட்டுமாய்க் கிடக்கும் ஊர். அந்த ஊரைப் பற்றி இலக்கியம் தரும் செய்திகள் இரண்டை இன்று உன்னிடம் கூற விழைகிறேன். ஒன்று, களஞ்சியத்தைப் பற்றியது. மற்றொன்று, வழியைப் பற்றியது.

முதலில் களஞ்சியம்.

கொடும்பாளூர் வேந்தன் இடங்கழியின் நெற்களஞ்சியத்திலே ஒரு நள்ளிரவில் திருட்டு நடக்கிறது. திருடன் பிடிபடுகிறான். மன்னன் முன் நிறுத்துகிறார்கள். ஏன் திருடினாய் என்ற கேள்வி எழுகிறது. அடியார்க்குச் சோறிட்டு வந்தேன், கைப்பொருள் தீர்ந்தது, வேறு வழி அறியேன் என்று விடை வருகிறது. கொற்றவன் என்ன செய்தான்? கொலைத் தண்டனையா விதித்தான்? இல்லை! களஞ்சியத்தின் கதவைத் திறந்தான். அடியார் எவரும் வேண்டுமளவு வாரிச் செல்லலாம் என்று பறையறைவித்தான். பெரியபுராணம் கூறும் செய்தி இது.

இதென்ன, அரசியல் மடலில் அடியார் கதை என்று புருவத்தை உயர்த்தாதே! பூட்டிய களஞ்சியம் ஊரைத் திருடனாக்கும், திறந்த களஞ்சியம் ஊரை உறவாக்கும் என்ற உண்மைக்காகவே அதைச் சொன்னேன். அந்த உண்மை நம் காலத்திலே கணிப்பொறிக்குள் புகுந்து களம் கண்டிருக்கிறதே, அதை அறிவாயா?

கணிப்பொறி இயங்குவது மென்பொருளால். மென்பொருளின் உயிர், மனிதன் எழுதிய மூல நிரல். அந்த மூல நிரலைப் பூட்டி வைத்துப் பணம் பண்ணின பெரு நிறுவனங்கள். வாங்கியவன் பயன்படுத்தலாம், உள்ளே பார்க்கக் கூடாது. பழுதானால் தொழலாம், தொடக் கூடாது! இந்தப் பூட்டை எதிர்த்து 1983-ல் அமெரிக்காவிலே குரல் எழுப்பினார் ரிச்சர்டு ஸ்டால்மன். எவரும் இயக்கலாம், ஆராய்ந்து திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம், திருத்தியதையும் பரப்பலாம் என்று நான்கு உரிமைகளை வகுத்தார். 1991-ல் பின்லாந்திலே லினசு டோர்வால்ட்சு என்னும் 21 வயது மாணவர் லினக்ஸ் என்னும் கருவைத் தந்தார். உலகெங்கும் தொண்டர்கள் திரண்டனர். இன்று உன் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடிமடியிலே இயங்குவது அந்த லினக்ஸ்தான்!

இடங்கழி திறந்த களஞ்சியம் அடியார்க்கு மட்டும் திறந்தது. இந்தக் களஞ்சியமோ நெற்றியைப் பார்ப்பதில்லை, நிறத்தைப் பார்ப்பதில்லை, சாதியைக் கேட்பதில்லை, சான்றிதழையும் கேட்பதில்லை. அங்கே அள்ள அள்ள நெல் குறையும். இங்கே அள்ளியவன் திருத்தித் திருப்பித் தர, நாளும் பெருகும்!

தமிழுக்கும் அந்தத் தொண்டர் படை உண்டு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்திலே, கடல் கடந்த தமிழர் உள்பட எத்தனையோ பேர் இலக்கியங்களை எழுத்தெழுத்தாய்த் தட்டெழுதி உலகுக்கு வழங்கினர். 'தமிழா' குழுவினர் தமிழ் எழுதும் கருவி ஒன்று படைத்து, உழவன் படைக்கலத்தின் பெயரையே சூட்டி, எ-கலப்பை என்றனர். காஞ்சியிலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் கூடுகின்றன, இளைஞர்க்குக் கற்பிக்கின்றன. கூலியில்லை, கொடியில்லை, மாலையில்லை. உழைப்பு மட்டும் உண்டு.

அந்த உழைப்பாளரை நோக்கித்தான் இந்த மடல். அவர்களை உடன்பிறந்தாராகவும் அண்டை வீட்டாராகவும் கொண்ட உன்னை நோக்கியும்தான். மாநாடுகள் அழைக்கின்றன. போகலாமா, பேசலாமா என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். "வேலையைச் செய்தோம், அது பேசட்டும், மேடை நமக்கெதற்கு?" என்று கூறுவோர் உண்டு. அடக்கம் அழகுதான். ஆனால் அந்த அடக்கத்துக்கு ஒரு மொழி கொடுக்க நேர்ந்த விலையைக் கேள்!

1988-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு குறியீட்டு முறை வகுத்தனர், இஸ்கி என்று பெயர். அந்த அச்சிலேயே 1991-ல் யூனிகோடு எனப்படும் ஒருங்குறியிலும் தமிழை வார்த்தனர். விளைவு என்ன? தொல்காப்பியன் கண்ட முறையிலே 'க்' என்னும் மெய் முதல், அதனோடு அகரம் சேர்ந்தால் 'க'. கணிப்பொறியிலோ 'க' என்பது ஒரு குறியீடு. அதன் தலையிலே புள்ளியை ஏற்றினால்தான் 'க்', ஆக இரண்டு குறியீடு! பிள்ளை முந்தி, தாய் பிந்தி! அந்த அச்சு வார்க்கப்பட்ட நாளில், இது எங்கள் இலக்கணமன்று என்று எழுந்து உரைக்கத் தமிழர் கூடிய மன்றம் எங்கே? தமிழ் இணைய மாநாடுகளின் வரிசை சிங்கப்பூரிலே தொடங்கியதே 1997-ல்தான். பின்னர் தமிழ்நாடு அரசே ஒருங்குறிச் சேர்த்தியத்தில் உறுப்பினராகி முறையிட்டது. ஒருமுறை ஒதுக்கிய இடத்தை மாற்றுவதில்லை என்பது அவர்கள் விதி. 2010-ல் ஒருங்குறியோடு, எல்லா எழுத்துக்கும் தனியிடம் தரும் இன்னொரு குறியீட்டையும் அரசு தரமாக அறிவிக்க நேர்ந்தது. ஒருங்குறியால் தமிழ் இன்று உலகமெங்கும் உலவுகிறது, மறுப்பாரில்லை. ஆனால், பந்தியிலே இல்லாதவன் இலையில் எது விழவேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்தனர் என்பதையும் மறுக்க முடியாதே!

வந்திருந்து வாய் திறந்ததால் விளைந்த நன்மையையும் பார். 1999 பிப்ரவரியில் சென்னையிலே கூடிற்று தமிழ் இணைய மாநாடு. அதற்குமுன் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை. ஒருவர் எழுதியது மற்றவர் திரையிலே குப்பையாய்த் தெரிந்த காலம் அது. வல்லுநரும் ஆர்வலரும் வாதிட்டனர், வழி கண்டனர். உயிரெழுத்து இடக்கைக்கு, மெய்யெழுத்து வலக்கைக்கு என்று பங்கிட்ட 'தமிழ்99' விசைப்பலகை பிறந்தது. மாநாடு என்பது மாலைக்கும் மேளத்துக்கும் அன்று, தோழனே! எந்தப் பாதை என்று தீர்மானிக்கும் இடம் அது.

"ஆங்கிலம் சரளமாய் வராதே!" என்கிறான் ஓர் இளைஞன். தமிழ் மன்றங்களில் தமிழிலேயே பேசட்டும். பிறமொழியார் மன்றத்தில் தெரிந்த ஆங்கிலத்தில் தெளிவாய்ப் பேசட்டும். அங்கே எடை போடப்படுவது உச்சரிப்பல்ல, உழைப்பு.

"செலவுக்கு வழி?" என்கிறான் இன்னொருவன். பெல்ஜிய நாட்டின் பிரசெல்சில் ஆண்டுதோறும் கூடும் பாஸ்டெம் மாநாட்டுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. டெபியன் தொண்டர்களின் உலக மாநாடு 2000-ல் பிரான்சு நாட்டின் போர்தோவிலே பிறந்து, 2023 செப்டம்பரில், இந்தியாவிலே முதன்முறையாக, கொச்சிக்கு வந்தது. வசதியற்ற தொண்டனுக்கு உணவும் உறைவிடமும் பயணச் செலவும் உதவும் வழக்கம் அந்த மாநாட்டுக்கு உண்டு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்; கேட்பதற்கும் நாள் குறித்திருப்பார்கள். பேச விரும்புவோர் பல மாதம் முன்னரே உரையின் சுருக்கத்தை எழுதி அனுப்ப வேண்டும். என்ன செய்தோம், எங்கே இடறினோம், எந்தக் கை தேவை என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். ஊரிலே நாலு பேர் முன் ஒருமுறை பேசிப் பார்க்கட்டும். கைதட்டலைவிடக் கேள்வி பெரிது. விடை தெரியாவிடில், தேடித் தருகிறேன் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

உனக்கும் கடமை உண்டு. பந்தல் போடத் தெரிந்தவன் நீ. உன் ஊர்ப் படிப்பகத்தின் ஒரு மாலைப் பொழுதை அந்த இளைஞர்க்கு ஒதுக்கு. பயணச் சீட்டுக்குப் பணம் குறைந்தால் பத்துப் பேரிடம் துண்டேந்து. தங்கை ஒருத்தி போக விரும்பி, வீட்டார் தயங்கினால், நீ சென்று எடுத்துச் சொல்.

இனி, கொடும்பாளூரின் இரண்டாவது செய்தி. சிலப்பதிகாரத்திலே உறையூரினின்று மதுரைக்குப் புறப்பட்ட கோவலனிடம், வழியில் எதிர்ப்பட்ட மாங்காட்டு மறையோன் பாதை கூறுகிறான். கொடும்பை நெடுங்குளத்தைக் கடந்தால் வழி மூன்றாய்ப் பிரியும் என்கிறான். வலப்புறம் செல்வது எது, இடப்புறம் செல்வது எது, இடையே செல்வது எது என்று ஒவ்வொன்றின் இயல்பையும் எடுத்துரைக்கிறான். ஏன் உரைக்க முடிந்தது? அவன் நடந்து வந்தவன், அவ்வளவுதான்!

நடந்தவன் சொன்னால்தான் நடக்கப் போகிறவனுக்கு வழி தெரியும். நம் தொண்டர்கள் நடந்திருக்கிறார்கள். களஞ்சியத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இனி, வாயையும் திறக்கட்டும்!