நூற்றுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?

கார் இன்ஷூரன்ஸ் முடிய இன்னும் நாற்பது நாள் இருக்கும்போதே யாருக்கோ மூக்கில் வியர்த்துவிடுகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை நனைத்த நேரம் பார்த்து போன் வரும். "சார், உங்க வண்டிக்கு ரின்யூவல் வருது. போன வருஷம் எவ்வளவு கட்டினீங்க? அதைவிட ஆயிரம் ரூபாய் கம்மியா போட்டுத் தர்றேன்!"

நமக்கும் ஆசை யாரை விட்டது? நாலு கம்பெனியில் ரேட் கேட்கிறோம். கத்திரிக்காய் வாங்குகிற மாதிரி பேரம் பேசுகிறோம். கடைசியில் ஆயிரத்தி இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்ததை, மறுநாள் காலை வாக்கிங்கில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறோம்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. 'நான் எவ்வளவு கட்டணும்?' என்று நாற்பது தடவை கேட்டவர்கள், 'நாளைக்கு வண்டி இடிச்சா நீ எவ்வளவு கொடுப்பே?' என்று ஒரு தடவைகூடக் கேட்க மாட்டோம். இந்த வியாபாரமே நாம் அதைக் கேட்காமல் இருப்பதில்தான் ஓடுகிறது என்பது என் கட்சி.

முதலில் ரேட் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் கட்டும் பிரீமியத்தில் இரண்டு பகுதி. ஒன்று, தேர்டு பார்ட்டி. உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இதற்கு எந்தக் கம்பெனியும் இஷ்டத்துக்கு ரேட் போட முடியாது. அரசு நிர்ணயிப்பதுதான். 2022 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த கட்டணப்படி, ஆயிரம் சி.சி. வரையிலான சொந்த உபயோகக் கார்களுக்கு 2,094 ரூபாய். அதற்கு மேல் 1,500 சி.சி. வரை 3,416, அதற்கும் மேலே போனால் 7,897. எந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றாலும் இதில் பைசா குறையாது.

ஆக, போனில் பேசும் தம்பி குறைப்பதாகச் சொல்லும் ஆயிரம் ரூபாய், இரண்டாவது பகுதியிலிருந்துதான் வரவேண்டும். உங்கள் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பகுதி. ஒரு காலத்தில் இதற்கும் ஒரே ரேட்தான். 2007 ஜனவரி 1-ல்தான் அந்தக் கட்டுப்பாடு போனது. அதிலிருந்து அவரவர் சாமர்த்தியம்.

போட்டி வந்தால் விலை குறையும், நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால், எப்படிக் குறைக்கிறார்கள் என்று பாருங்கள்.

வழி ஒன்று: ஐ.டி.வி.யைக் குறைப்பது. கார் திருடு போனாலோ, தேறாத அளவுக்கு நொறுங்கினாலோ கம்பெனி கொடுக்கும் அதிகபட்சத் தொகை இது. உங்கள் வண்டிக்கு ஐந்து லட்சம் போடவேண்டிய இடத்தில் சத்தமில்லாமல் நாலே கால் லட்சம் போட்டால், பிரீமியம் சில நூறு ரூபாய் இறங்கும். நீங்களும் குஷியாகக் கையெழுத்துப் போடுவீர்கள். வண்டி காணாமல் போகிற அன்றைக்கு எழுபத்தைந்தாயிரம் ரூபாயும் சேர்ந்து காணாமல் போகும்.

வழி இரண்டு: 'முதல் பத்தாயிரம் ரூபாயை நானே ஏற்றுக்கொள்கிறேன்' என்று உங்களையே ஒப்புக்கொள்ள வைப்பது. வழி மூன்று: போன வருஷம் இருந்த கூடுதல் பாதுகாப்புகளை ஓசைப்படாமல் கழற்றிவிடுவது.

வழி நான்கு கொஞ்சம் விபரீதம். போன வருஷம் நீங்கள் க்ளெய்ம் வாங்கியிருப்பீர்கள். அதனால் நோ க்ளெய்ம் போனஸ் பூஜ்யம். "அதெல்லாம் யாரு சார் பார்க்கப் போறாங்க?" என்று முப்பத்தைந்து சதவிகிதம் போட்டுவிடுவார் ஏஜென்ட். க்ளெய்ம் என்று போய் நிற்கும்போது பழைய கம்பெனியில் விசாரித்துக் கண்டுபிடிப்பார்கள். பொய் சொன்னது நீங்கள் என்று ஆகிவிடும். ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார்.

சரி, ஐ.டி.வி. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' எடுத்திருக்கிறேன் என்கிறீர்களா? அந்த 'ஃபுல்'லையும் பார்த்துவிடுவோம்.

மூன்றரை வருஷமான 1,200 சி.சி. கார். முன்பக்கம் மோதிவிட்டது. ஒர்க் ஷாப்பில் முப்பதாயிரம் பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பர் எட்டாயிரம், பானெட் பத்தாயிரம், முன் கண்ணாடி ஆறாயிரம், லேபர் ஆறாயிரம். பம்பர் பிளாஸ்டிக். பிளாஸ்டிக், ரப்பருக்கு வழக்கமான பாலிசியில் தேய்மானம் ஐம்பது சதவிகிதம், வண்டி நேற்று வாங்கியதாக இருந்தாலும்! ஆக நாலாயிரம் கட். பானெட் தகரம். மூன்று வருஷம் தாண்டி நான்கு வருஷத்துக்குள் இருக்கும் வண்டிக்கு இருபத்தைந்து சதவிகிதம். இரண்டாயிரத்து ஐந்நூறு கட். கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை, பிழைத்தோம். கடைசியில், எல்லோரும் கட்டாயம் ஏற்கவேண்டிய ஆயிரம் ரூபாய். கையில் வருவது 22,500. மீதி 7,500 உங்கள் பாக்கெட்டிலிருந்து.

முடிந்ததா? இல்லை. மூன்று வருஷம் க்ளெய்ம் வாங்காததற்கு முப்பத்தைந்து சதவிகித போனஸ் வைத்திருந்தீர்கள். இந்த வருஷமும் சும்மா இருந்திருந்தால் அது நாற்பத்தைந்து ஆகியிருக்கும். இப்போது பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி நேராக பூஜ்யத்துக்கு.

இதில் எதுவும் மோசடி இல்லை. எல்லாம் பாலிசியில் பொடி எழுத்தில் இருக்கிறது. 'ஜீரோ டிப்ரிசியேஷன்' என்று கூடுதலாகக் கட்டியிருந்தால் தேய்மான வெட்டு பெரும்பாலும் இருந்திருக்காது. பிரச்னை என்னவென்றால், வாங்கும்போது எவரும் இதைச் சொல்வதில்லை. "ஃபுல் கவர் சார், கண்ணை மூடிட்டு ஓட்டுங்க" என்பதோடு சரி.

2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். வேளச்சேரியில் என் நண்பர் ஒருவரின் அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழே பார்க்கிங்கில் கார்கள் எல்லாம் முக்குளித்துக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் நண்பர் செய்த முதல் காரியம், கீழே போய் சாவியைத் திருப்பியது. "ஒரே ஒரு தடவைதான் சார் திருப்பினேன்" என்று இன்றைக்கும் சொல்வார். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து கிடந்தது. உள்ளே எல்லாம் வளைந்து போச்சு.

கம்பெனி என்ன சொன்னது? சீட், ஒயரிங் எல்லாம் வெள்ளத்தால் கெட்டது, அதற்குப் பணம் உண்டு. இன்ஜின் வெள்ளத்தால் கெடவில்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் கெட்டது, அதற்குப் பணம் கிடையாது! பக்கத்து ஃப்ளாட்காரர் சாவியைத் தொடவே இல்லை. வண்டியை அப்படியே கட்டி இழுத்துக்கொண்டு போனார். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகவும் கட்டியிருந்தார். அவருக்கு முழுசாகக் கிடைத்தது. நண்பருக்கு அப்படி ஒரு சமாசாரம் இருப்பதே தெரியாது. 'தண்ணியில நின்னா ஸ்டார்ட் பண்ணாதீங்க' என்று ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தால்கூடப் போதும். ரின்யூவலுக்கு மட்டும் பதினைந்து எஸ்.எம்.எஸ். வந்தது!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பரின் க்ளெய்ம், கம்பெனியின் கணக்கில் எப்படி ஏறியிருக்கும்? தீர்க்கப்பட்டது! செக் கொடுத்தாகிவிட்டது அல்லவா? 'தொண்ணூற்றெட்டு சதவிகித க்ளெய்ம்களைத் தீர்த்துவிட்டோம்' என்று விளம்பரங்களில் பார்க்கிறீர்களே, அந்த மாதிரிக் கணக்கில் எண்ணப்படுவது தலைகள். ஒரு லட்ச ரூபாய் கேட்டவருக்கு முப்பதாயிரம் கொடுத்தாலும் தீர்த்ததுதான். தொண்ணூற்றைந்தாயிரம் கொடுத்தாலும் தீர்த்ததுதான். பரீட்சை எழுத வந்த எல்லோரும் பாஸ் என்று சொல்லிவிட்டு, மார்க்கை மட்டும் மறைக்கிற பள்ளிக்கூடம் மாதிரி.

அப்படியானால் ஒப்பிடவே வழியில்லையா? கொஞ்சம் இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தன் கணக்கு வழக்கைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்பது இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் உத்தரவு. கம்பெனியின் இணையதளத்தில், எங்கோ அடியில், 'பப்ளிக் டிஸ்க்ளோஷர்' என்று எறும்பு சைஸில் இருக்கும். அதற்குள் போனால் ஏகப்பட்ட படிவங்கள். மிரளாதீர்கள். மூன்றே மூன்று போதும்.

என்.எல்.37: எத்தனை க்ளெய்ம் வந்தது, எத்தனைக்குப் பணம் கொடுத்தார்கள், எத்தனையை மறுத்தார்கள், எத்தனை பாக்கி. என்.எல்.39: கொடுத்த பணத்தை ஒரு மாதத்துக்குள் கொடுத்தார்களா, மூன்று மாதமா, ஆறு மாதமா, அதற்கும் மேல் இழுத்தார்களா என்ற கணக்கு. கார் சேதம் தனியாகவே இருக்கும். என்.எல்.45: வாடிக்கையாளர் புகார்கள். பத்தாயிரம் க்ளெய்முக்கு எத்தனை புகார் என்று அவர்களே வகுத்துப் போட்டிருப்பார்கள். அதில் ஹெல்த் பாலிசிப் புகார்களும் கலந்திருக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்பெனியின் படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். ரேட் பேரம் பேச அதைவிட அதிக நேரம் செலவழிக்கிறோம்.

ஆனாலும், இந்த மூன்று படிவத்திலும் கிடைக்காத ஒரு எண் இருக்கிறது. எனக்கு வேண்டியது அதுதான். ஒர்க் ஷாப் பில்லில் நூறு ரூபாய்க்கு, சராசரியாக நீங்கள் கொடுத்தது எத்தனை ரூபாய்? அவ்வளவுதான். பெரிய ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் கிடையாது. பில் தொகையும் கொடுத்த தொகையும் ஒவ்வொரு கம்பெனியின் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. சாதா பாலிசிக்கு ஒன்று, ஜீரோ டிப்ரிசியேஷனுக்கு ஒன்று என்று இரண்டு எண்ணைக் கூட்டி, வகுத்து, பிரீமியத் தொகைக்குப் பக்கத்தில் அதே சைஸ் எழுத்தில் போடச் சொல்லுங்கள். பிஸ்கட் பாக்கெட்டில்கூட சர்க்கரை எவ்வளவு என்று போடுகிறான். பத்தாயிரம், இருபதாயிரம் வாங்குகிறவர்களுக்கு என்ன கஷ்டம்?

பில்லை ஏற்றிப் போடும் ஒர்க் ஷாப்கள் உண்டு, பழைய ஒடிசலை புது விபத்தில் சேர்க்கும் மகானுபாவர்களும் உண்டு, அதனால் இந்த எண் நியாயமாக இருக்காது என்பார்கள். வாஸ்தவம். அந்தத் திருட்டு எல்லாக் கம்பெனிக்கும் பொதுதானே? அதே ஊர், அதே ஒர்க் ஷாப், அதே நம் ஆட்கள். அப்புறமும் ஒருவர் எண்பத்தைந்தும் இன்னொருவர் அறுபதும் கொடுத்தால், அந்த வித்தியாசம் எதனால் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆணையம் இதைக் கட்டாயமாக்கும் வரை நீங்கள் செய்யவேண்டியது: ரேட் ஒப்பிடும்போது எல்லாவற்றிலும் ஒரே ஐ.டி.வி., ஒரே கூடுதல் பாதுகாப்புகள் போடச் சொல்லுங்கள். அப்போதுதான் அது ஒப்பீடு. உங்கள் வண்டியை விடும் ஒர்க் ஷாப்பில், பில் போடுகிறவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "எந்தக் கம்பெனிக்காரன் ரொம்ப வெட்டுறான்?" என்று கேளுங்கள். எந்த விளம்பரத்தையும்விட உண்மையான பதில் கிடைக்கும். கம்பெனி மாறினால் போனஸ் போய்விடும் என்று பயப்படாதீர்கள். அது உங்களுடையது, கூடவே வரும். பழைய பாலிசி முடிந்து தொண்ணூறு நாளைத் தாண்ட விட்டால்தான் போகும்.

வெட்டு விழுந்தால் 'தலையெழுத்து' என்று திரும்பி வராதீர்கள். எதற்கு எவ்வளவு கட் என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனிக்குப் புகார் எழுதி ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால், சென்னையிலேயே இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டாம். கம்பெனி கைவிரித்த ஒரு வருஷத்துக்குள் போகவேண்டும். ஆம்புட்ஸ்மன் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். என் நண்பர் போகவில்லை. "எதுக்கு சார் அலைச்சல்?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் பலர் பிழைக்கிறார்கள்.

அடுத்த முறை சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தால் எரிந்து விழாதீர்கள். பாவம், அந்தத் தம்பி சம்பளத்துக்குப் பேசுகிறார். அவர் ரேட் சொல்லி முடிக்கட்டும். பிறகு பொறுமையாக, "எல்லாம் சரிப்பா, போன வருஷம் நூறு ரூபாய் பில்லுக்கு உங்க கம்பெனி எவ்வளவு கொடுத்தது?" என்று கேளுங்கள்.

லைன் கட் ஆகலாம். ஆகட்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் இதையே கேட்டால், அந்த எண்ணைத் தேடி எடுத்துவரச் சொல்லி மேலே இருக்கிறவர்கள் ஆளை அனுப்புவார்கள்.