கம்ப்யூட்டர் பேசட்டும்... காது உங்களுடையதாக இருக்கட்டும்!

அடுப்படிக்குப் போய் ஒரு டீ போட்டுக்கொண்டு வர ஐந்து நிமிடம் ஆகுமா? அதற்குள் ஹாம் ரேடியோக்காரரின் கம்ப்யூட்டர், ஒரே அழைப்பைப் பத்து முறை உலகத்துக்கு அனுப்பி முடித்திருக்கும். யாராவது பதில் சொன்னார்களா, யார் பேச்சையாவது கெடுத்தோமா... எதுவும் அவருக்குத் தெரியாது!

'எஃப்டி8' முறையில் அடிக்கடி நடக்கும் கூத்து இது. 1993-ல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லரும், ஸ்டீவ் ஃபிராங்கேவும் 2017-ல் கொண்டுவந்த முறை. மைக் தேவையில்லை. 15 விநாடி ஒருவர் அனுப்ப, அடுத்த 15 விநாடி எதிர்முனையின் முறை. காதுக்கே எட்டாத மெல்லிய சிக்னலையும் சாஃப்ட்வேர் படித்துவிடும்.

சிக்கல் எங்கே? நாம் அனுப்பும் நேரத்தில் நம் ரேடியோவுக்குக் காது கேட்காது. அதே 15 விநாடியில், அதே இடத்தில் இன்னொருவரும் அனுப்பினால் இருவருக்குமே தெரியாது. பாதிக்கப்படுவது, குறைந்த வாட்ஸில் தூரத்திலிருந்து முயற்சி செய்யும் யாரோ ஒருவர்.

என்ன செய்யலாம்?

* இடம் பிடியுங்கள்: திரையில் ஓடும் 'வாட்டர்ஃபால்' படத்தில் காலியான இடத்தைப் பார்த்து, 'ஹோல்ட் டிஎக்ஸ் ஃப்ரீக்'கை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால், யாரை டபுள் கிளிக் செய்கிறீர்களோ அவர் தலைமேலேயே போய் உட்காரும் உங்கள் சிக்னல்.

* நடுவே நிறுத்துங்கள்: நான்கைந்து அழைப்புக்கு ஒருமுறை, ஒரு சுற்று சும்மா இருந்து கவனியுங்கள். அந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் அப்போதுதான் தெரியும்.

* சத்தத்தைக் குறையுங்கள்: ஆடியோ அளவைக் கூட்டினால் தூரம் கூடாது, சிக்னல் சிதறி அக்கம்பக்கத்தைக் கெடுக்கும். ரேடியோவின் ஏஎல்சி முள் அசைந்தும் அசையாமலும் இருக்கும் அளவே போதும்.

* 'டிங்' சத்தம் ஜாக்கிரதை: கம்ப்யூட்டரின் நோட்டிஃபிகேஷன் ஒலி ரேடியோ வழியாகப் போகாதபடி, அதற்குத் தனி ஸ்பீக்கரைத் தேர்வு செய்யுங்கள். உங்களுக்கு மெயில் வந்த சேதி ஊருக்கெல்லாம் எதற்கு?

* காவலாளியை நம்பி உறங்காதீர்கள்: ஆள் கவனிக்காவிட்டால், சில நிமிடங்களில் ஒலிபரப்பைத் தானே நிறுத்தும் 'வாட்ச்டாக்' வசதி இந்த சாஃப்ட்வேரில் உண்டு. அது மறதிக்கான மருந்து. எழுந்து போவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. எழுந்தால், முதலில் 'ஹால்ட் டிஎக்ஸ்'.

தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியது கம்ப்யூட்டர் இல்லை. பட்டனை அழுத்துவது எதுவானாலும், காற்றில் போவது உங்கள் அழைப்புக் குறிதான். டீயை முதலில் போட்டு எடுத்து வந்துவிட்டு, அப்புறம் அழையுங்கள்!